கொப்பிக்குள் ஒளித்து வாசித்தவை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி விஞ்ஞானப் பாடநூலுக்குள் ஒரு நாவலை வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் என்ன செய்வார் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிற் பலர் ஆசிரியர்கள். பறித்திருப்பீர்கள். நானும் பறித்திருக்கிறேன். இருபது வருடங்களாகப் பறித்தவற்றில் திருப்பிக் கொடுத்தவை போக மிஞ்சியவை என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. பெரும்பாலும் இந்தியாவில் அச்சான மாத நாவல்கள். அட்டையில் ஒரு பெண்ணின் முகம், பின்னால் ஒரு மோட்டார் கார் அல்லது ஒரு மாளிகை.

பறிக்கும்போது எல்லா ஆசிரியர்களும் சொல்லும் வசனத்தைத்தான் நானும் சொல்லிவந்தேன். 'இந்தக் குப்பையை வாசிக்கிற நேரத்துக்கு நல்ல இலக்கியம் ஏதும் வாசிக்கலாம்தானே.' அந்த நல்ல இலக்கியம் எங்கே, எப்படித் தொடங்கியது என்பதை நான் தேடிப் பார்த்தது மிகப் பிந்தித்தான்.

ஆசிரியர் கலாசாலையிற் பயிலும் காலத்தில் ஈழத்து நாவல் வரலாறு எங்களுக்கு ஒரு பாடக்குறிப்பு. 1885 அசன்பேயுடைய கதை, சித்திலெப்பை. 1891 ஊசோன் பாலந்தை கதை, இன்னாசித்தம்பி. 1895 மோகனாங்கி, சரவணமுத்துப்பிள்ளை. இதனை நாங்கள் வாய்ப்பாடு போல மனனம் செய்தோம். மூன்றில் ஒன்றையேனும் கண்ணாற் கண்டவர் எங்கள் அணியில் ஒருவருமில்லை. கண்டிருக்க வேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் எழவில்லை. பரீட்சைக்கு ஆண்டும் பெயரும் போதும். அதே வாய்ப்பாட்டை நான் பின்னர் மாணவருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து அவற்றைப் பற்றி ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு வந்தது வியப்பல்ல, வெட்கம். அந்த மூன்றும் என் லாச்சியில் இருந்த நாவல்களின் மூத்த உறவுகள். மூன்றும் இளைஞரைக் கதாநாயகராகக் கொண்டவை. காணாமற்போகும் குழந்தை, மாறிப்போகும் அடையாளம், தடைப்படும் காதல், கடைசியில் வெளிவரும் உண்மை என்று, பிள்ளைகள் இன்று கொப்பிக்குள் ஒளித்து வாசிக்கும் அத்தனையும் அவற்றில் உண்டு. எது முதலாவது நாவல் என்ற நீண்ட வழக்கை ஆய்வாளர்களிடமே விட்டுவிடுவோம். ஈழத்துத் தமிழ் நாவலின் முதற் பத்தாண்டு காதலாலும் சாகசத்தாலும் ஆனது என்பதில் வழக்கில்லை.

அதற்கு முன்பும் எங்கள் வீடுகளில் கதை இல்லாமல் இருக்கவில்லை. கிஸ்ஸா என்றால் இவ்விதழின் வாசகருக்குத் தெரியும். ஈசுபு நபி கிஸ்ஸாவும் சைத்தூன் கிஸ்ஸாவும் இராக் காலங்களில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பாரசீகக் கதையொன்றைத் தழுவி அரபுத் தமிழில் எழுதிய மதீனத்துந் நுஹாஸ், அதாவது தாமிரப் பட்டணம், நாவல் வரலாற்றில் தனக்கும் ஓரிடம் கேட்டு நிற்கிறது. மார்க்க அறிவில் அவ்வளவு உயர்ந்து நின்ற ஒருவர் ஓர் அற்புதக் கதையை எழுதுவதைத் தனக்குக் குறைவாக எண்ணவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

சித்திலெப்பை (1838 - 1898) கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டுமென்று ஊரூராய்ப் பேசியவர். சமூகத்துக்கு எத்தனையோ கட்டுரைகள் எழுதிய அந்த மனிதர் 1885 இல் ஒரு கதை எழுதினார். மிசிறு தேசத்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று களவு போகிறது. அது இந்தியாவில் வளர்கிறது. வளர்ந்த பையன் நகரம் நகரமாக அலைகிறான், சூழ்ச்சிகளில் அகப்படுகிறான், தப்புகிறான். ஓர் ஆங்கிலப் பெண்மீது காதல் கொள்கிறான். இறுதியிற் பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். இலங்கையில் எழுதப்பட்ட இக்கதையில் இலங்கை கதைக்களமாக இல்லை என்பதை ஒரு குறையாகப் பலர் எழுதியுள்ளனர். எனக்கு அது அப்படிப் படவில்லை. 1883 சனவரியில் எகிப்தின் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்திறங்கினார். முஸ்லிம் வீடுகளில் எகிப்து என்ற பெயர் அன்றாடப் பேச்சாகியிருந்த நேரம் அது. தூரதேசத்துப் பையன் ஒருவனின் பின்னால் வாசகனை ஓடவைக்கத் தெரிந்திருந்தது சித்திலெப்பைக்கு. பிள்ளைகள் பாடசாலைக்கு வரவேண்டுமென்று விரும்பியவருக்கு, அவர்கள் வாசிக்கவும் வேண்டும், வாசிப்பதற்கு ஆவலூட்டும் ஒன்று வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். எங்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது விடயம் தெரியும்?

அடுத்த இரண்டு பேரும் எங்கள் திருகோணமலைக்காரர். இதைச் சொல்லும்போது சிறிது பெருமை வந்துவிடுகிறது, வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' அவரது சொந்தக் கற்பனையன்று. 15ஆம் நூற்றாண்டளவில் பிரெஞ்சு மொழியில் வழங்கி, பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவிய வலன்ரைனும் ஓர்சனும் என்ற பழங்கதையே அதன் மூலம். பொய்ப்பழி சுமத்தப்பட்டுத் துரத்தப்படும் அரசி காட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது, மற்றது அரண்மனையில் வளர்கிறது. சகோதரர் என்று அறியாமலே இருவரும் ஒருநாள் மோதுகின்றனர். இக்கதையை ஒன்பதாம் தரத்துப் பையன்களுக்கு நான் வாயாற் சொன்னபோது மணி அடித்தும் எழும்பவில்லை. அடுத்த பாட ஆசிரியர் வாசலில் நின்று செருமினார்.

மோகனாங்கிக்கு வருகிறேன்.

திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1865 இற் பிறந்தவர். தமிழறிஞர் த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியிற் கற்று, அங்கேயே சுவடி நூலகத்திற் பணியாற்றினார். 1892 இல் 'தத்தைவிடு தூது' என்றொரு சிறு நூல் வெளியிட்டார். தத்தை என்றால் கிளி. ஒரு பெண் தன் மனத்துக்கு இசைந்தவனிடம் கிளியைத் தூது விடுகிறாள். தூது இலக்கியத்தில் இது புதிதல்ல. அவள் பேசுவதுதான் புதிது. பெண்ணுக்குக் கல்வி இல்லை, வீட்டுக்குள் அடைத்து வைக்கிறார்கள், யாரை மணப்பதென்று தானே முடிவுசெய்ய இடமில்லை என்பதெல்லாம் அதிற் பொருளாக வருகின்றன. கிளிவெட்டியில் இருந்துகொண்டு கிளியைப் பற்றி இதற்குமேல் நான் சொன்னால் ஊர்ப்பற்று என்பார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1895 இல், சென்னையில் மோகனாங்கி வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அறிஞர் பலர் இதனையே சுட்டுகின்றனர். கல்கி வரலாற்று நாவல் எழுதத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் முன்பு. 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கர் குலத்து மோகனாங்கிக்கும் இடையிலான காதலே கதை. வரலாற்று நூல்கள் சொல்வது வேறு. சொக்கநாதர் தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டார். மறுக்கப்பட்டது. 1673 இற் போர் மூண்டது. விசயராகவர் களத்தில் இறந்தார். அதற்கு முன்பே அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. கேட்கப்பட்ட அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்பது எந்த வரலாற்றாசிரியரும் கேட்காத கேள்வி. மன்னர் கேட்டார், மன்னர் மறுத்தார், அவ்வளவுதான். சரவணமுத்துப்பிள்ளை அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு பெயரைக் கொடுத்து, ஒரு மனத்தைக் கொடுத்து, அந்தப் பெயரையே நூலின் தலைப்பாக்கினார். முடிவு என்ன என்பதை நான் சொல்லமாட்டேன். நாவலின் முடிவைச் சொல்பவரை என் மாணவிகள் மன்னிப்பதில்லை.

அவர் 1902 இற் காலமானார். முப்பத்தேழு வயது. அதன் பிறகு அந்த நூலுக்கு நேர்ந்ததைத்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டும். 1919 இல் மோகனாங்கி சுருக்கப்பட்டுப் பாடநூலாக வெளியிடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'சொக்கநாத நாயக்கர்.'

மாணவர் கைக்குச் செல்லும்போது பெண்ணின் பெயர் அட்டையிலிருந்து இறங்கிவிட்டது, மன்னரின் பெயர் ஏறிவிட்டது. இதைச் செய்தவர்களை நான் அறியேன். ஆனால் அவர்கள் மனம் எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அந்த வர்க்கந்தான். பிள்ளைகள் படிக்கும் புத்தகம், மன்னரின் சரித்திரம் என்றால் பயன், காதற் கதை என்றால் கெடுதி என்ற கணக்கு அது. என் லாச்சியும் அதே கணக்கைத்தான் போட்டுவந்தது.

இந்தக் கணக்கு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. நாவல் வாசிக்கும் பெண்ணைக் கேலிசெய்வது இங்கிலாந்திலும் வழக்கமாக இருந்தபடியாற்றான், ஜேன் ஒஸ்ரின் 'நொர்தாங்கர் அபே' என்ற கதைக்குள் கதையை நிறுத்திவிட்டு நாவலுக்காக வாதாடினார். அந்நூல் வெளிவந்தது 1817 இன் கடைசியில், அவர் இறந்தபின். அவரும் நாவற் பைத்தியம் பிடித்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் தானும் அவளோடு ஒரே திண்ணையில் இருந்துகொண்டு சிரிக்கிறார்.

தமிழில் அந்தத் திண்ணையில் முதலில் உட்கார்ந்த பெண்களில் ஒருவர் வை. மு. கோதைநாயகி. 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி 115 நாவல்கள் எழுதியவர். அவரைப் பற்றி எழுதுவோர் இப்போது பலருண்டு. ஆகவே நாகூருக்குச் செல்கிறேன்.

சித்தி ஜுனைதா பேகம் 1917 இல் நாகூரிற் பிறந்தார். பாடசாலையிற் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சிறு வயதிலேயே மணமாகி, இளவயதிலேயே கணவரை இழந்தார். 1938 இல் அவரது நாவல் 'காதலா? கடமையா?' வெளிவந்தது. உ. வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார். ஏட்டுச் சுவடிகளுக்காக ஒரு வாழ்நாளைச் செலவிட்ட கிழவர் ஒரு காதல் நாவலைக் கையில் எடுத்து, அதை எழுதியது யார், எந்த ஊர், எத்தனை வகுப்பு என்று பாராமல் வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். கலாசாலையில் எங்களுக்கு உ. வே. சா.வைப் பற்றி நிறையச் சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு அரசரும் சூழ்ச்சியும் நிறைந்த ஒரு கதையை அமைக்கும் திறமை எங்கிருந்து வந்தது? வாசித்ததிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்த ஒரு பெண் வெளியே செல்லாமலே மலைகளையும் கோட்டைகளையும் எழுதினார் என்றால், அவை வேறு யாரோ எழுதியவற்றின் வழியாகவே அவரிடம் வந்து சேர்ந்திருக்கும். அவர் அத்தோடு நிற்கவுமில்லை. 'மகிழம்பூ', 'செண்பகவல்லி தேவி' என்று தொடர்ந்தார். 'இஸ்லாமும் பெண்களும்' என்று கட்டுரை நூலும் எழுதினார். 1998 இற் காலமானார். தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியை என்று இன்று மரியாதையோடு குறிப்பிடுகிறோம். அவர் என் வகுப்பில் இருந்திருந்தால் அவரது புத்தகமும் லாச்சிக்குள் போயிருக்கும்.

எழுபதுகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், ஏனெனில் அது பலரும் எழுதிய விடயம். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில் வீரகேசரி மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. ஈழத்துக் கதைகள் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973). வன்னிக் காட்டோரத்துத் தண்ணிமுறிப்பில் வாழும் பதஞ்சலி என்ற வெகுளிப் பெண்ணும் கதிராமனும் ஒருவரையொருவர் விரும்பி வாழ்வதும், அந்த ஊருக்குப் படிப்பிக்க வரும் இளம் ஆசிரியனால் அந்த வாழ்வு குழம்புவதும் கதை. நான் வாசித்த காதல் நாவல்களில் எதை முதலில் வைப்பேன் என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். காதலர் பேசும் வசனங்கள் குறைவு. காடு, வேட்டை, மழை, குளம் என்று அவர்களைச் சுற்றியிருக்கும் உலகம் முழுவதும் பேசுகிறது. எங்கள் மாகாவலிக் கரைப் பிள்ளை ஒன்று வாசித்தால், இது எங்கட ஊர் போல இருக்குதே என்று சொல்லும். சென்னை மாளிகையைப் பற்றி வாசிக்கும்போது அப்படிச் சொல்ல வழியில்லை. அதே காரணத்துக்காக மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யையும் பிள்ளைகளிடம் கொடுப்பதுண்டு. அது சிறுகதை, காதற்கதையுமன்று. ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் மனம் அதிலே உண்டு. அவரும் ஆசிரியர்தான்.

இப்போது லாச்சியில் இருந்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றாலும் பிழையில்லை.

2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் கிளிவெட்டியில் இடைத்தங்கல் முகாமில் இருந்தனர். அப்பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்தனர். தகரக் கொட்டிலுக்குள் பகலில் இருக்க முடியாத வெக்கை. ஒரு மேசை இல்லை. ஒருநாள் பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி கணிதக் கொப்பிக்குள் ஒரு மாத நாவலை வைத்திருந்தாள். அட்டை இல்லை. முன் பக்கங்கள் இல்லை. கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் அவற்றோடு போய்விட்டன. பறித்தேன். வழக்கமான வசனத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. 'சேர், அது என்ட இல்ல. கொட்டில் கொட்டிலா மாறி வந்தது. நான் குடுக்கோணும்' என்று மட்டும் சொன்னாள். தவணை முடியத் தருகிறேன் என்றேன். தவணை முடிவதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. அதுதான் உண்மை.

2015 இலும் 2016 இலும் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பிய காலத்தில்தான் ஒருநாள் லாச்சியைத் துப்புரவு செய்கையில் அந்தப் புத்தகம் கையில் வந்தது. முதல் தடவையாகப் புரட்டினேன். அதன் கடைசிப் பக்கங்களும் இல்லை. அவை இருந்த இடத்தில் ஒற்றை ரூல் கொப்பித் தாள்கள் பத்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன. இரண்டு பேரின் கையெழுத்து. முடிவு கிழிந்துபோன கதைக்கு அந்தப் பிள்ளைகள் முடிவு எழுதியிருந்தார்கள்.

அச்சுப் பக்கங்களில் கதாநாயகி சென்னையில் ஒரு பணக்கார வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். கையெழுத்துத் தொடங்கும் இடத்தில் அவள் எழும்பி முகம் கழுவி, பஸ் ஏறுகிறாள். இறங்கும் இடம் சம்பூர். சென்னையிலிருந்து சம்பூருக்குப் பஸ் எப்படி வந்தது என்பதை அவர்கள் விளக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. வீட்டில் கூரை இல்லை. அவள் கிணற்றை எட்டிப் பார்க்கிறாள், தண்ணீர் இருக்கிறது. பற்றையை வெட்டுகிறாள், மிளகாய்க் கன்று நடுகிறாள். கதாநாயகன் காரை விட்டுவிட்டு அவளைத் தேடி வருகிறான். மன்னிப்புக் கேட்கிறான். வீட்டுக் கூரை போட்டு முடிந்த பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்போம் என்று அவள் சொல்கிறாள். பிறகு கூரை போடும் வேலை. எத்தனை ஓடு, எத்தனை சிலாகை என்று ஒன்றரைப் பக்கம். அதுவரை எழுதியவள் நிறுத்த, மற்றக் கையெழுத்து வந்து, கலியாணத்தை இரண்டே வரியில் முடித்துவைக்கிறது.

வாசிக்கையில் என் கை தானாகச் சிவப்புப் பேனையை எடுத்துவிட்டது. இரண்டு இடத்தில் ணகர னகரப் பிழையைச் சுழித்தும்விட்டேன். மூன்றாவது பிழையில்தான் என்ன செய்கிறேன் என்று விளங்கிற்று. அந்த இரண்டு சிவப்புச் சுழிப்பும் இன்றும் அந்தத் தாளில் இருக்கின்றன.

முகாமில் இருந்த பிள்ளைகளைக் கொண்டு 'எனது ஊர்' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதுவித்தவன் நான். எல்லாக் கட்டுரையும் ஒன்றுபோலவே இருந்தன. எனது ஊர் மிகவும் அழகானது, வயல்கள் உண்டு, கோயில் உண்டு. ஒருத்தியேனும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. நான் குப்பை என்ற புத்தகத்தின் கிழிந்த விளிம்பில்தான் அவர்கள் ஊருக்குத் திரும்பிச் சென்றிருக்கிறார்கள். மோகனாங்கியின் பெயரைப் பாடநூல் எடுத்துவிட்ட செய்தியை நான் அறிந்தது இதற்குப் பிறகு. இது முந்தியிராவிட்டால் அது எனக்கு வெறும் தகவலாகவே இருந்திருக்கும்.

இதனால் எல்லாக் காதல் நாவலும் நல்லது என்று சொல்ல வரவில்லை. நான் இப்போது மாணவிகள் வாசிப்பவற்றை நானும் வாசிக்கிறேன். ரமணிசந்திரனிலிருந்து கைத்தொலைபேசியில் வரும் தொடர்கள் வரை. 2020 இற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புக்கென்று வீடுகளுக்குள் புகுந்த கைத்தொலைபேசி, கொப்பிக்குள் ஒளிக்கும் தேவையையே இல்லாமற் செய்துவிட்டது. 2022 நெருக்கடியிற் கடதாசி விலை ஏறியபின் அச்சுப் புத்தகம் வாங்குவார் இன்னும் குறைந்தனர். வாசிப்பவற்றிற் சில எனக்குக் கோபமூட்டுகின்றன. பெண்ணைப் பலவந்தமாகக் கூட்டிச் சென்று தாலி கட்டுகிறவன் கதாநாயகன். அவன் அறைகிறான், அவள் மன்னிக்கிறாள், அது காதலாம். இதை வகுப்பிலேயே சொல்கிறேன். முன்பு அட்டையைப் பார்த்துத் திட்டியபோது என்னை ஒருவரும் எதிர்க்கவில்லை. இப்போது வாசித்துவிட்டுத் திட்டுவதால் எதிர்க்கிறார்கள். 'அவன் பிறகு திருந்துறான்தானே சேர், நீங்க முழுக்க வாசிக்கல்ல' என்கிறார்கள். சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருந்துவிடுகிறது. சில கதைகளில் கதாநாயகி வேலைக்குப் போகிறாள், சீதனம் வேண்டாம் என்கிறாள், தகப்பனோடு நேர்நின்று பேசுகிறாள். அந்தப் பேச்சை எங்கள் பிள்ளைகள் வேறெங்கே கேட்டிருப்பார்கள்?

பையன்களுக்கு வேறு தீனி. இளையோர் நாவல் என்ற பெயரிலேயே இப்போது நூல்கள் வருவது நல்ல காரியம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023 இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடியின் பழைய காலத்துப் பையனை இன்றைய பையன் ஒருவன் சந்திக்கும் கதை. நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்த ஒரே பிரதி, ஒரு மாதத்தில் ஒட்டுநாடா போடும் நிலைக்கு வந்துவிட்டது. வாசித்து முடித்த ஒருவன், 'சேர், எங்கட திருமங்களாய்க் காட்டுக்குள்ள தோண்டினா ஆர் வருவாங்க?' என்று கேட்டான். தெரியாது, நீ எழுதிப் பார் என்றேன். இன்னும் எழுதவில்லை. கிரிக்கெற் பருவம்.

பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டை இவற்றுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். லாச்சி காலியாகிவிட்டது. அட்டையில்லாத அந்தப் புத்தகத்தை மட்டும் அங்கு வைக்கவில்லை. அது திரும்பிச் செல்ல வேண்டிய இடம் சம்பூரில் எங்கோ இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்து வருகிறேன்.

சென்ற தவணை பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி அத்தட்டிலிருந்து நிலக்கிளியை எடுத்துச் சென்றாள். நான்கு நாளிற் கொண்டுவந்து தந்தாள். எப்படி என்று கேட்டேன். நல்லம், பதஞ்சலி பாவம், கதிராமன் நல்லவன் என்றாள். போவதற்குத் திரும்பியவள் நின்று, 'ஆனா சேர், அந்த வாத்தியார்ல பிழை இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் அவர்களுக்கு விஞ்ஞானம். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மறுநாட் காலை, நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.